சாப்பிட்டீங்களா என்று கேட்ட மெஷின்

பிப்ரவரி 3, 1982 – புதன்

ஜனவரிப் பக்கங்களெல்லாம் கோலத்துக்குப் போய்விட்டன. புள்ளி வைத்துப் பார்க்க இந்த டைரித் தாளின் வழுவழுப்பு வேறெதிலும் வராது. இன்று கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ப்ரோக்ராம் எழுதுகிற வசுமதி பார்த்துவிட்டாள்.

"பச்சையம்மாக்கா, கம்பெனி குடுத்த டைரியில கோலமா? தினம் நாலு வரி எழுதுங்க. அந்த நேரமாவது இந்த ஹால் அமைதியா இருக்கும்."

நாலாம் வகுப்பு வரை படித்தவள் நாலு வரி எழுதினால் போதும் என்று கணக்குப் போட்டாள் போல. பார்க்கலாம். யார் படிக்கப் போகிறார்கள்? மகள் அரக்கோணத்தில். அயனாவரம் வீட்டில் நானும் ஒரு பல்லியும்தான். பல்லிக்குப் படிப்பு இல்லை.

ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். டயர் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஹால். கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு அளவு இருக்கும், ஆனால் ஊட்டி மாதிரி குளிரும். அதில் கம்பெனிக் கணக்கெல்லாம் பதிந்த டேப் சுருள்களின் அலமாரி என் பொறுப்பு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். நம்பர் சொன்னால் அந்த டேப்பை எடுத்துக் கொடுப்பேன். நம்பர் சொல்பவர் சபாபதி சார். ஆபரேட்டர். மெஷினோடு பேசுவது அவர் வேலை. வேறு யாரோடும் பேச மாட்டார். அதற்குச் சம்பளம் கிடையாது என்று நினைக்கிறாரோ என்னவோ.

"இன்னா சார், சாப்ட்டீங்களா?" என்று தினமும் கேட்கிறேன். டேப்பை வாங்கிக்கொள்வார், நம்பரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஆட்டியது எனக்கா டேப்புக்கா என்று தெரியாது.

பிப்ரவரி 5 – வெள்ளி

எலுமிச்சை சாதம் மிஞ்சிவிட்டது. வீணாக்குவானேன் என்று ஒரு டப்பாவைச் சபாபதி சார் மேஜையில் வைத்தேன். நாற்பத்தெட்டு வயது பிரம்மச்சாரி, ஓட்டலில் தின்று தின்று ஓட்டல் மேஜை மாதிரியே ஆகிவிட்டார். நாலு கால், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"சார், வருஷம் பூரா நீலச் சட்டையே போடுறீங்களே, கடையில வேற கலரு விக்கலியா?"

அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்து டைப்ரைட்டர் தானாகத் தட்டத் தொடங்கியது. மெஷினுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் கேட்கும். இந்த டேப் எங்கே, தாள் தீர்ந்துவிட்டது, மேலே போகவா, நிற்கவா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைப் போட்டு இவர் ஒரே ஓர் எழுத்து அடிப்பார், "U" என்று. நடத்து என்று அர்த்தமாம். பதில் வரும்வரை மெஷின் அப்படியே நிற்கும்.

மெஷின் கேட்டால் உடனே பதில். மனுஷி கேட்டால் மண்டையாட்டு.

டப்பா காலியாகத் திரும்பி வந்தது. கழுவியும் இருந்தது.

பிப்ரவரி 9 – செவ்வாய்

கெட்ட சேதி ஒன்று. கெட்டது என்றால் கம்பெனிக்கு இல்லை, எனக்கும் இல்லை. சும்மா சொல்கிறேன்.

மெஷினுக்குப் புது சிஸ்டம் வருகிறது. சிஸ்டம் என்றால் மேஸ்திரி. சித்தாள் பெரியாளுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுப்பானே, அதுபோல மெஷினுக்குள் உட்கார்ந்து எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று ஏவுகிற ஒரு பெரிய ப்ரோக்ராம். பழைய மேஸ்திரி எடுத்ததற்கெல்லாம் சபாபதி சாரைக் கேட்பான். புதியவன் தானே முடிவு செய்வானாம்.

மேனேஜர் பட்டாபிராமன் சார் எல்லார் எதிரிலும் சொன்னார்: "மிஸ்டர் சபாபதி, நாக்பூர் கிளையில இன்னும் பழைய சிஸ்டம்தான். அங்க உங்களுக்கு இதே நாற்காலி இருக்கு. இங்கயே இருக்கணும்னா டேப் செக்‌ஷன்லதான் போட முடியும். மார்ச் அஞ்சாம் தேதிக்குள்ள சொல்லுங்க."

மெஷின் முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்தவர் என்னோடு சேர்ந்து அலமாரியில் டேப் தேடுவாரா? போய்விடுவார். போகட்டும். எனக்கென்ன.

"சார், நாக்பூர்ல இட்லி கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 12 – வெள்ளி

இன்று ஓர் அதிசயம். கரண்ட் போய்விட்டது. மெஷின் அடங்கியதும் சபாபதி சார் வாய் திறந்துவிட்டது. இத்தனை நாள் இரண்டில் ஒன்றுதான் ஓடும் போல.

வசுமதிதான் கிளப்பிவிட்டாள். புது சிஸ்டத்துக்கு எல்லா ப்ரோக்ராமையும் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. "முதன்முதல்ல வந்த மெஷினுக்கு எந்த சிஸ்டம் சார்?" என்றாள்.

"அதுக்கு சிஸ்டம்னு ஒண்ணும் கிடையாதும்மா. நான்தான் சிஸ்டம்."

நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"ஓட்டை போட்ட கார்டு ஒரு கட்டு போடணும், பட்டனை அமுக்கணும். ஓடி முடிஞ்சா எடுத்துட்டு அடுத்த கட்டு. நான் காபி குடிக்கப் போனா மெஷின் சும்மா இருக்கும். அமெரிக்காவுல அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைப் பார்த்துப் பொறுக்கல. மெஷின் வித்தவன் இல்லம்மா, வாங்கினவங்க. அவங்களே ஒரு ப்ரோக்ராம் எழுதுனாங்க. ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்ததைத் தானே இழுத்துக்கிற மாதிரி. அதான் ஆரம்பம்."

"அப்ப நம்ம பழைய சிஸ்டம்?"

"அது டெம்பரவரி. எல்லா மெஷினுக்கும் ஒரே பெரிய சிஸ்டம் தர்றேன்னாங்க. லேட்டாச்சு. அதுவரைக்கும் சமாளிக்க ஒரு சின்னது குடுத்தாங்க. அந்தச் சமாளிப்பைத்தான் நாம இத்தனை வருஷம் ஓட்டிட்டோம்."

"நானும் டெம்பரவரியாதான் சார் வந்தேன்" என்றேன். "எழுதி வெச்சுக்குங்க, நானும் போவ மாட்டேன்."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. கரண்ட் இல்லை, இருட்டு, சரியாகத் தெரியவில்லை.

புது சிஸ்டத்தில் ஆறு வேலை ஒரே நேரத்தில் நடக்குமாம். ஒவ்வொரு ப்ரோக்ராமும் மெஷின் முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுமாம். எங்கள் தெரு ஒண்டுக்குடித்தனத்தில் ஆறு வீட்டுக்காரனும் தன்னைப் பங்களாக்காரன் என்று நினைக்கிறான். அங்கே குழாயடியில் தெரிந்துவிடும். இங்கே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மேஸ்திரியின் சாமர்த்தியமாம்.

"சார், இவ்வளவு பேசத் தெரியுமே, சிரிக்கத் தெரியுமா? இல்ல அதுக்கும் டேப்பு மாட்டணுமா?"

கரண்ட் வந்துவிட்டது. வாய் மூடிவிட்டது.

பிப்ரவரி 15 – திங்கள்

தக்காளி சாதம் மிஞ்சியது. பல்லி சரியாகச் சாப்பிடுவதில்லை.

பிப்ரவரி 18 – வியாழன்

வசுமதி முழுநாளும் எதையோ எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

இவள் எழுதுவது மெஷினுக்குப் புரியாது. அதை மெஷின் பேச்சுக்கு மாற்றும் ஆள் ஒருவன் இருக்கிறான், கம்பைலர். அவன் சமையற்காரன். அவன் வருவதற்கு முன்னால் காய் நறுக்கித் தேங்காய் துருவி வைக்கிற ஆள் ஒருவன், ப்ரீப்ராசசர். எல்லா ப்ரோக்ராமுக்கும் வேண்டிய பொதுவான சங்கதிகளை வசுமதி ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுவாள். மற்ற ப்ரோக்ராம்களில் "அதைக் கொண்டுவந்து இங்கே போடு" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நறுக்குகிறவன் அந்த வரியைப் பார்த்ததும் பொதுத் தட்டிலிருந்து அள்ளிப் போட்டு வைப்பான். சமையற்காரன் வந்து எல்லாம் ஒன்றுபோல வேகவைப்பான்.

"அப்ப பொதுத் தட்டுல பாகற்காய் போட்டா?"

"எல்லாக் குழம்பும் கசக்கும்க்கா."

"நல்ல ஏற்பாடு. ஏன் பாப்பா, அந்தத் தட்டுல ஒரு கேள்வியைப் போட்டு வைக்க முடியுமா? சபாபதி சாருக்கு?"

"என்ன கேள்வி?"

"'சாப்ட்டீங்களா?' நான் கேட்டாத்தான் பதில் வரல. மெஷின் கேட்டா சொல்லித்தானே ஆவணும்?"

அவளுக்கு எப்படியும் புதுத் திரையில் கேள்வி சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருந்ததாம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 19 – வெள்ளி

மதியத்துக்கு மேல் புது சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்தார்கள். டைப்ரைட்டருக்குப் பதில் திரை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: சாப்பிட்டீங்களா. பதில் வராத கேள்வி திரையை விட்டுப் போகாதாம், மேலேயே உட்கார்ந்திருக்குமாம்.

சபாபதி சார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நம்பரைப் போட்டு ஒரே எழுத்து அடித்தார். "U".

இந்த ஆளைத் திருத்த முடியாது.

"பாப்பா, ஒத்தை எழுத்து அடிச்சா விடாதே. முழுசா சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேக்கட்டும்."

பிப்ரவரி 24 – புதன்

இன்று மறுபடி சோதனை. அவர் "U" அடித்தார். கேள்வி திரும்ப வந்தது. மறுபடி "U". மறுபடி கேள்வி. நானும் வசுமதியும் டேப் அலமாரிக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். கேள்வி போய்விட்டது.

எனக்கு இங்கிலீஷில் அந்த "U"வும் எங்கள் கேள்வியின் உருவமும்தான் தெரியும். வசுமதி போய்ப் பார்த்து வந்து படித்துச் சொன்னாள். "'இன்னும் இல்லை. நீங்க?'ன்னு போட்டிருக்கார்க்கா."

மெஷினைப் பார்த்து நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன். வசுமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு மாதிரிப் பார்வை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏசிக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 27 – சனி

பழைய புடவை கிழிந்துவிட்டது. புதிதாக ஒன்று எடுத்தேன். நீலம்தான் கடையில் நன்றாக இருந்தது.

மார்ச் 1 – திங்கள்

எங்கிருந்து தொடங்குவது? இன்று நாலு வரியில் அடங்காது.

பம்பாய் தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், புது சிஸ்டத்தைப் பார்க்க. ஆபரேட்டர் தொடாமலே ஆறு வேலை ஒன்றாக ஓடும் என்று காட்டப்போவதாக ஏற்பாடு. சபாபதி சாரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் புது சிஸ்டத்துப் பொறியாளர் மெல்வின்.

ஆறு வேலையும் ஓடின. முடியும் நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. ஆறு வரி வந்து வரிசையாக நின்றன.

சாப்பிட்டீங்களா. சாப்பிட்டீங்களா. சாப்பிட்டீங்களா. இப்படி ஆறு முறை.

எங்கள் தெருவில் சாவு வீட்டில்கூட இத்தனை பேர் கேட்க மாட்டார்கள்.

மெல்வின் "U" அடித்தார். போன கேள்வி திரும்பி வந்தது. வேகவேகமாக அடித்தார், அதுவும் வேகவேகமாகக் கேட்டது. வந்தவர்களில் மூத்த பம்பாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ புதுப் பிழை என்று நினைத்து, மெஷின் சொல்வதற்கெல்லாம் அர்த்தம் போட்ட செங்கல் கனமுள்ள புத்தகத்தை எடுத்து 'எஸ்' எழுத்தில் தேட ஆரம்பித்துவிட்டார். பட்டாபிராமன் சாருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

வசுமதி என் கையைப் பிடித்தாள். "சனிக்கிழமை காலையிலேயே எடுத்துட்டேன்க்கா. பொதுத் தட்டுலேருந்து அந்தக் கேள்வியை எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமையே மெல்வின் எல்லா ப்ரோக்ராமையும் கம்பைல் பண்ணி முடிச்சிட்டார்னு யாரும் சொல்லல."

குழம்பு கொதித்த பிறகு தட்டைக் கழுவி என்ன பிரயோசனம்? பாகற்காய் ஏற்கெனவே குழம்பில் இருக்கிறது.

அப்போது சபாபதி சார் வந்தார். மெல்வின் எழுந்தார். இவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு நம்பராகப் போட்டு நிதானமாக ஏதோ அடித்தார். ஒவ்வொன்றாகப் போயின. ஆறாவது போனதும் வேலை முடிந்து தாள் சடசடவென்று அச்சடித்துக்கொண்டு வந்தது.

"யார் வேலை இது?" என்றார் பட்டாபிராமன் சார். அவர் குரலில் யாரையோ வேலையை விட்டு அனுப்பும் தோரணை இருந்தது. வசுமதி ஓரடி முன்னால் வைத்தாள்.

"நான்தான் சார் கேட்டு வாங்கினேன்" என்றார் சபாபதி சார். "ஆபரேட்டர் முழிச்சிருக்கானான்னு பாக்கிற சோதனை. ஒத்தை எழுத்து தூக்கத்துலயும் அடிச்சிடலாம். முழு வார்த்தை அடிக்கணும்னா முழிச்சிருக்கணும்."

இத்தனை வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பேசியே கேட்டதில்லை என்பது வேறு. இதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னதும் பம்பாய்க்காரர் புத்தகத்தை மூடிவிட்டு, நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். பட்டாபிராமன் சார் மட்டும் பல்லைக் கடித்து, "வெள்ளிக்கிழமை உங்க பதில் என் மேஜைக்கு வரணும். நாக்பூருக்குத்தான்னு நினைக்கிறேன்" என்றார்.

எல்லாரும் போன பிறகு வசுமதி அந்த ஆறு பதிலையும் படித்தாள். எலுமிச்சை சாதம். தக்காளி சாதம். புளியோதரை. தயிர் சாதம். தேங்காய் சாதம். வாழைப்பூ வடை. எல்லாம் என் டப்பாவில் போனவை.

நல்ல ஞாபகசக்தி உள்ள மனிதர். வேறொன்றும் இல்லை.

மார்ச் 2 – செவ்வாய்

வசுமதி எல்லா ப்ரோக்ராமையும் மறுபடி கம்பைல் செய்தாள். மெஷின் இனி யாரையும் எதுவும் கேட்காது. ஹால் என்னவோ போல இருக்கிறது.

மார்ச் 4 – வியாழன்

"பாப்பா, கடைசியா ஒரே ஒரு கேள்வி. அவருக்கு. 'நாக்பூர் போறீங்களா?'ன்னு. பொதுத் தட்டுல வேணாம், ஓரமா ஒரு கிண்ணத்துல போடு."

"அக்கா, என் வேலை ஒரு தடவை தப்பிச்சதே பெரிய விஷயம். மாட்டேன்" என்றாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குக்கா மெஷினு? இந்த ஹால்ல உங்களை விடச் சத்தமா எதுவும் ஓடறதில்லையே" என்றாள்.

சத்தமாகக் கேட்பது வேறு. அவளுக்குப் புரியவில்லை, சின்னப் பெண்.

எனக்கு என்ன வந்தது? போனால் போகட்டும். அவரவர் நாற்காலி அவரவருக்கு. நான் எடுத்துக் கொடுக்கும் டேப்பை வாங்க மெல்வின் இருக்கிறார். மெல்வினும் மண்டையாட்டுவார்.

இன்று எதுவும் மிஞ்சவில்லை. வடிக்கவே இல்லை.

மார்ச் 5 – வெள்ளி

நீலப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கிழியாத புடவை அது ஒன்றுதான்.

மதியம் மெஷினைத் துடைக்கிற நேரம். ஹாலில் அவரும் நானும் மட்டும். டேப் கொடுக்கப் போனேன். அவர் டேப் கேட்கவில்லை, நான்தான் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை.

"நாக்பூர் போறீங்களா சார்?" என்றேன். சும்மா, நேராக.

அவர் டேப்பை வாங்கி மேஜையில் வைத்தார். நம்பரைப் பார்க்கவில்லை.

"பதில் சொல்லாத கேள்வி போகாதுங்க. நிக்கும்" என்றார். "வரிசையா சொல்றேன். நீலச் சட்டை: தங்கச்சி ஒரே பீஸ்ல அஞ்சு சட்டைக்கு எடுத்துட்டா. இட்லி: விசாரிச்சேன், நாக்பூர்ல நம்ம இட்லி மாதிரி வராதாம். சிரிப்பு: தெரியும். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் சிரிப்பேன்."

எத்தனையோ கேட்டிருக்கிறேன், நானே மறந்ததெல்லாம் அங்கே நம்பர் போட்டு நிற்கிறது போல.

"நாக்பூர்: இல்ல. காலையிலயே சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேருந்து டேப் செக்‌ஷன்."

"அலமாரியில தேடுற வேலை சார். நாற்காலி கிடையாது" என்றேன்.

"நாக்பூர்ல நாற்காலி மட்டும்தாங்க இருக்கு."

எனக்குப் பழைய வாய் மெல்லத் திரும்பியது.

"அப்ப எனக்குக் கீழதான் வேலை. நான் சொன்னாக் கேக்கணும். தெரியுமில்ல?"

"கேக்கறேன். நான் பதில் சொல்லியே பழகினவன், எனக்குக் கேள்வி கேக்க வராது. ஒரே ஒரு தடவை கேட்டேன். திரையில. 'நீங்க?'ன்னு. அதுக்கு இன்னும் பதில் வரல."

அது மெஷினைக் கேட்டது என்றல்லவா நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன், பிப்ரவரி 24 பக்கத்தில் பார்க்கலாம்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "தினமும் மிஞ்சிப் போச்சு மிஞ்சிப் போச்சுன்னு கொண்டாந்து குடுக்கறீங்களே, உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு?"

பல்லியையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அவர் அப்போது சிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு கேள்வியும் திங்கட்கிழமை வரைக்கும் நிற்கட்டும். எத்தனை வருடம் என்னை நிறுத்தி வைத்தார்!

மார்ச் 8 – திங்கள்

வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், இரண்டு பேருக்கு வடித்த சாதம். எதுவும் மிஞ்சியதல்ல. எதுவும் மிஞ்சவும் இல்லை.